தோலுக்கு 18 சதவீதம்

சென்ற வருடம் மார்ச் மாதம் ஒரு வாசகர் சந்திப்புக்குப் போயிருந்தேன். உடலும் எழுத்தும் என்கிற மாதிரி ஒரு தலைப்பு. பேசியவர் நான் மதிக்கிற கவிஞர். அவருடைய இரண்டு தொகுப்புகள் இப்போதும் என் மேசையில் இருக்கின்றன. நுகர்வு, சந்தை, பெண்ணுடல் என்று பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் சொன்னார்: “இப்பல்லாம் கைச்சதை தொங்குதுன்னு ரெண்டு லட்சம் குடுத்து வெட்டிக்கிறாங்க. அந்தக் காசுக்கு ஆயிரம் புஸ்தகம் வாங்கலாம்.”

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலாவது வரிசையில், முழுக்கை குர்த்தாவுக்குள், அக்குளிலிருந்து முழங்கைக்குக் கீழே வரை இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஷன் உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம். சிரித்தபோது இடது அக்குளில் சுருக்கென்று இழுத்தது. எல்லோரும் கைதட்டியபோது என்னால் தட்ட முடியவில்லை. அன்றைக்கு நான் தெரிவித்த ஒரே எதிர்ப்பு அதுதான், அதுவும் தானாக நடந்தது.

ஒரு வருடம் கழித்துப் பதில் எழுதுகிறேன். அந்தக் கவிஞருக்கு மட்டும் இல்லை. என்னோடு சேர்ந்து சிரித்த எல்லோருக்கும், சிரித்த எனக்கும்.

முதலில் அந்த ஆபரேஷன் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிரித்தவர்களில் பாதிப்பேர் லைபோசக்‌ஷனை நினைத்துக்கொண்டுதான் சிரித்திருப்பார்கள். இது அது இல்லை. கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைபோசக்‌ஷன். தோல் தானாகச் சுருங்கிக்கொள்ளும் என்றால்தான் அதனால் பிரயோஜனம். ஏற்கெனவே தொளதொளத்த கையில் அதை மட்டும் செய்தால் பை இன்னும் காலியாகி இன்னும் தொங்கும். நான் செய்துகொண்டது பிராக்கியோபிளாஸ்டி. மேற்கையின் அடிப்பக்கத்தில், அக்குளிலிருந்து முழங்கை வரை, நீண்ட ஓடம் மாதிரி ஒரு வடிவத்தைப் பேனாவால் வரைந்து, அந்தத் தோலையும் அதற்கடியில் இருக்கும் கொழுப்பையும் அப்படியே வெட்டியெடுத்து, இரண்டு கரையையும் சேர்த்துத் தைப்பது. எனக்கு இரண்டு கையிலும் சேர்த்து 900 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தார்கள். ஒரு கிலோ தக்காளி மாதிரி என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு அந்த உவமை பிடிக்கவில்லை.

2022இல் என் எடை 121 கிலோ. உயரம் 162 சென்டிமீட்டர், பிஎம்ஐ 46. சர்க்கரை இருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. 31 வயதில் மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியெடுக்கிற ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி செய்துகொண்டேன். ஒன்றரை வருடத்தில் 53 கிலோ இறங்கி 68இல் நின்றது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். டாக்டர் தன் ஃபோனில் என் பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டிலும் உடை இருந்தது. உடையில்லாத போட்டோவை யாரும் எடுப்பதில்லை.

கொழுப்பு போய்விட்டது, தோல் போகவில்லை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். டேட்டாபேஸிலிருந்து பத்து லட்சம் வரிகளை டெலீட் செய்தாலும் டிஸ்க்கில் ஃபைலின் அளவு குறையாது. பிடித்து வைத்த இடம் பிடித்தபடியே கிடக்கும். தோலுக்கு இழுவைத்தன்மையைத் தருகிற எலாஸ்டின் பெரும்பாலும் சின்ன வயதிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. வருடக்கணக்கில் இழுபட்டு அறுந்த இழைகளுக்குப் பதிலாக முப்பது வயதில் உடம்பு புதிதாக நெய்து தராது. க்ரீம் தடவினால் வராது. தேங்காயெண்ணெய் தடவினாலும் வராது (தடவினேன்).

“ட்ரைசெப்ஸ் பண்ணுங்க” என்று சொல்லாத ஆள் கிடையாது. ஆபீஸ் லிஃப்ட்டில் சொன்னார்கள், சொந்தக்காரர் கல்யாணத்தில் சொன்னார்கள், ஒரு ஊபர் டிரைவர் சொன்னார். எட்டு மாதம் ஜிம்முக்குப் போனேன். ட்ரைசெப்ஸ் வந்தது, நன்றாகவே வந்தது. அதன்மேல் தோல், கொடியில் காயப்போட்ட ஈரத்துண்டு மாதிரி அப்படியே தொங்கியது. தசை வேறு, தோல் வேறு என்கிற எட்டாம் வகுப்பு விஷயம் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் வெட்டினால் குறுக்குவழி, வியர்த்தால் தர்மம் என்று ஒரு கணக்கு நமக்குள் இருக்கிறது. அந்தக் கணக்குதான் ட்ரைசெப்ஸ் என்று பேசுகிறது.

அந்தத் தோலோடு இருப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். சித்திரை மாதத்தில் சென்னையில் அக்குளுக்குக் கீழே தோலும் தோலும் ஒட்டிக்கொள்கிற மடிப்பில் வியர்வை காய்வதே இல்லை. சிவந்து, பொரிந்து, பூஞ்சை வந்து, பவுடர் போட்டு, ஆயின்மென்ட் போட்டு, ஆறி, மறுபடி சிவக்கும். டைப் அடிக்கும்போது மேசை விளிம்பில் உரசும். ஓடினால் கை ஒரு தாளத்திலும் தோல் இன்னொரு தாளத்திலும் போகும். கடையில் எனக்கு உடம்புக்கு எம் சைஸ், கைக்கு டபுள் எக்ஸெல். அப்படி ஒரு குர்த்தா உலகத்தில் எங்கேயும் தைக்கப்படுவதில்லை. டெய்லர் அக்கா டேப்பைக் கையில் சுற்றும்போது தோலை உள்ளே சேர்த்து அளப்பதா, விட்டுவிட்டு அளப்பதா என்று தயங்குவார். அந்த அரை நொடித் தயக்கத்துக்காகவே ரெடிமேடுக்கு மாறினேன்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டில் எதையெல்லாம் விலக்கி வைக்கலாம் என்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் ஒரே மாதிரியான வாசகங்களைக் கொண்டுவந்தது. உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கோட் நம்பரோடு இருக்கும். ஆறாம் எண் உடல் பருமன். அதில் ஒரு கதவு திறந்திருக்கிறது: பிஎம்ஐ 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே கடுமையான நோய்களும் இருந்தால், மற்ற வழிகள் பலிக்காமல் டாக்டர் ஆபரேஷன் சொல்லியிருந்தால் பணம் உண்டு. என் இரைப்பைக்குக் கம்பெனி மறுபேச்சில்லாமல் கொடுத்தது. எட்டாம் எண் அழகுச் சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி, தோற்றத்தை மாற்றுகிற எந்தச் சிகிச்சையும். அதிலும் கதவு உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு சீரமைப்பதானால் சரி. இல்லையென்றால் நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவரீதியாகத் தேவை என்று டாக்டர் சான்று தர வேண்டும்.

ஆக, எண் ஆறின்படி நான் நோயாளி. அதே நோயின் சிகிச்சை மிச்சம் வைத்த தோலுக்கு, எண் எட்டின்படி நான் அலங்காரப் பிரியை. இரண்டுக்கும் நடுவில் 53 கிலோ இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தால் அதற்குப் பின் சீரமைப்பதையும் சிகிச்சையின் தொடர்ச்சி என்று அந்த வாசகமே ஒப்புக்கொள்கிறது. மிகச் சரி. பருமனுக்கு மட்டும் தொடர்ச்சி கிடையாது. ஏனென்றால் பருமன் நீங்களாக வரவழைத்துக்கொண்டது. யாரும் இதை எழுதி வைக்கவில்லை, ஆனால் வாசகத்தின் அடியில் அது இருக்கிறது. இத்தனைக்கும் சர்ஜரிப் பத்திரிகைகளில் இந்தத் தொங்கலுக்குப் பெயர் ‘பேட்விங் டிஃபார்மிட்டி’, வவ்வால் சிறகு உருக்குறை. கத்தியைப் பிடிக்கிறவன் உருக்குறை என்கிறான், காசைப் பிடிக்கிறவன் அழகு என்கிறான்.

அப்புறம் ஜிஎஸ்டி. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பில்லில் ஆபரேஷனுக்கு 2,00,000, அதன் கீழே 18 சதவீதம், 36,000. 2017 அறிவிக்கையில் மருத்துவச் சேவை என்றால் என்னவென்று ஒரு விளக்கம் இருக்கிறது. அதில் முடி மாற்று சிகிச்சையும் அழகு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியும் சேராது. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம், விபத்து அதிர்ச்சி இவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சரிசெய்வதானால் மட்டும் சேரும். எடை குறைந்து தொங்குகிற தோல் இந்த நாலில் எதுவும் இல்லை. இரைப்பையை வெட்டினால் வரி இல்லை, அதனால் வந்த தோலை வெட்டினால் வரி. வழுக்கைத் தலையில் முடி நடுகிற ஆம்பளைகளோடு ஒரே வாக்கியத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களைப் பார்த்து எந்த இலக்கியக் கூட்டத்திலும் யாரும் ஆயிரம் புத்தகக் கணக்குப் போட்டுக் கேட்டதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் என் பக்கத்து நேர்மையின்மையையும் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் கேட்டார்: “ரேஷஸ் வருதாம்மா? எத்தனை தடவை வந்துச்சு? பிரிஸ்கிரிப்ஷன்லாம் இருக்கா?” நல்ல மனிதர், உதவி செய்யத்தான் கேட்டார். சான்றிதழில் அதை எழுதினார். திரும்பத் திரும்ப வரும் தோல் அழற்சி, பூஞ்சைத் தொற்று, அன்றாட வேலைக்கு இடைஞ்சல். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அதைப் படித்தபோது வேறு யாரோ ஒருத்தியின் ஃபைல் மாதிரி இருந்தது. ஏனென்றால் பூஞ்சைக்காக மட்டும் நான் கையை வெட்டிக்கொள்ளவில்லை. பூஞ்சைக்குக் களிம்பு இருக்கிறது. குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் தலை துவட்டக் கையைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் எனக்கு வந்திருந்தது. இரண்டு வருடம் தினமும் அந்த ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருக்கிறேன். 121 கிலோவில்கூட நான் கண்ணை மூடியதில்லை. அப்போது அது என் உடம்பாக இருந்தது. இது யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன உடையை நான் போட்டிருக்கிற மாதிரி இருந்தது.

இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அரிக்கிறதா, ஆம். வலிக்கிறதா, ஆம். பார்க்கச் சகிக்கவில்லையா, அது அழகு. சான்றிதழைக் கொடுத்தும் கம்பெனி முதலிலேயே மறுத்தது, பிறகு கைக்காசு கட்டி அனுப்பிய க்ளெய்மையும் மறுத்தது. நேரடியான, உடனடியான ஆபத்து இல்லையாம். அது உண்மைதான். கையில் தோல் தொங்கி யாரும் சாவதில்லை.

ஒரு நியாயத்துக்கு மறுபக்கத்தையும் திட்டிவிட வேண்டும். இந்த ஆபரேஷன் கேலிப்பொருளானதில் அதை விற்பவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 2013இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. 2000இல் முந்நூறு சொச்சம் பெண்கள்தான் இதைச் செய்துகொண்டார்கள், 2012இல் பதினையாயிரத்துக்கு மேல், அதாவது நாலாயிரம் சதவீதத்துக்கும் மேல் வளர்ச்சி என்று. கூடவே ஒரு கருத்துக்கணிப்பு. பெண்கள் அதிகம் கவனிக்கிற கைகள் மிஷெல் ஒபாமாவுடையவை. அவ்வளவுதான், ஊரெல்லாம் பத்திரிகைகள் மிஷெலின் கையைப் போட்டு எழுதின. 2009இல் அவர் ஸ்லீவ்லெஸ் உடையில் அதிகாரபூர்வப் படத்துக்கு நின்றபோதே அமெரிக்காவில் ஒரு பஞ்சாயத்து நடந்திருந்தது, இது இரண்டாவது ரவுண்ட். கிராஃப் போட்டுப் பிழைப்பவள் என்கிற முறையில் சொல்கிறேன்: முந்நூறிலிருந்து ஆரம்பித்தால் எதையும் ஆயிரக்கணக்கான சதவீதமாகக் காட்டலாம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மிஷெலின் கையைவிடப் பெரிய ஒரு விஷயம் அங்கே நடந்தது. 2000களின் நடுவில் எடைக்குறைப்பு ஆபரேஷன்கள் வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டின. ஒரு லட்சம் பேர் ஐம்பது, அறுபது கிலோ குறைத்தால் ஒரு லட்சம் ஜோடிக் கைகள் தொங்கும். அது செய்தி இல்லை. முதல் பெண்மணியின் கை மாதிரி வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்பதுதான் செய்தி. அதைச் செய்தியாக்கிக் கொடுத்தவர்கள் சர்ஜன்களேதான்.

நம்மூர் விளம்பரங்கள் இன்னும் மோசம். ‘தழும்பில்லாத கைகள்’, ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. பிராக்கியோபிளாஸ்டியில் தழும்பு இல்லாமல் முடியவே முடியாது. அந்த ஆபரேஷனே தொங்கலைக் கொடுத்துத் தழும்பை வாங்கிக்கொள்கிற பண்டமாற்று. உள்பக்கம் தைத்தால் கையைத் தூக்கும்போது முன்னால் நிற்பவருக்குத் தெரியும். பின்பக்கம் தைத்தால் க்யூவில் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். எங்கே வேண்டும் என்று என் சர்ஜன் கேட்டார். உள்பக்கம் என்றேன். நம் நிறத் தோலில் தழும்பு தடிப்பதற்கும் கருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். என்னுடையது வலது கையில் கோடாகவும் இடது அக்குள் பக்கம் கயிறாகவும் இருக்கிறது. முன்கையின் உட்புறத்துக்கு உணர்வு கொண்டுபோகிற ஒரு நரம்பு சரியாக அந்த வழியில்தான் போகிறது. இடது முன்கையில் இரண்டு விரல் அகலத்துக்கு எனக்கு இப்போது உணர்வு இல்லை. கொசு கடித்தால் தெரியாது, பிறகு வீங்கியதைப் பார்த்துத்தான் தெரியும். ஆறு வாரம் தலைக்குமேல் கையைத் தூக்கக் கூடாது. தலை சீவிவிட அம்மா தென்காசியிலிருந்து வந்தாள். இதையெல்லாம் விளம்பரத்தில் போடுங்கள். அதற்குப் பிறகும் வருகிறவர்கள் வருவார்கள், நான் வந்திருப்பேன்.

இனி நம் ஆட்கள். எனக்கு வருத்தம் கம்பெனியைவிட இவர்கள்மேல்தான் அதிகம், கம்பெனி என் நண்பன் இல்லை.

ஆபரேஷன் பற்றித் தெரிந்த பிறகு ஒரு தோழி, பெண்ணியத்தில் எனக்குப் பாதி வாசிப்பைக் கொடுத்தவள், ஃபோனில் கேட்டாள்: “யாருக்காகப்பா பண்ணிக்கிட்ட?” நல்ல கேள்விதான். ஆணின் பார்வை எங்கே முடிந்து என் பார்வை எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியாது. கண்ணாடி முன்னால் கண்ணை மூடியவள் தனியாகத்தான் இருந்தாள், ஆனால் தனியாக இருக்கும்போதும் நாலு பேர் கூட இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல்லுக்குக் கம்பி போட்டபோது இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவள் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியபோது நானும் அவளிடம் கேட்கவில்லை. குண்டாக இருந்தவள் ஒல்லியானால் பாராட்டு. அந்த ஒல்லி உடம்பின் மிச்சத்தைச் சரிசெய்தால் மட்டும் கோட்பாடு விழித்துக்கொள்கிறது. ‘உன் உடம்பை ஏற்றுக்கொள்’ என்பது அழகான வாக்கியம். எந்த உடம்பை? எப்போதிலிருந்து? இரைப்பையில் முக்கால் பங்கு குப்பைக்குப் போன பிறகு, இதற்குமேல் கை வைக்காதே என்று கோடு போட உனக்கு யார் அளவுகோல் கொடுத்தார்கள்?

தென்காசிப் பக்கம் எங்கள் ஆச்சி பாம்படம் போட்டவள். சின்னப் பிள்ளையிலேயே காதைக் குத்தி, குணுக்குப் போட்டு இழுத்து இழுத்து வளர்த்த காது. தோளைத் தொடும். ஐம்பது வயதுக்குமேல் பாம்படத்தை விற்றுவிட்டார்கள், என் சித்தி கல்யாணத்துக்கு. அதன் பிறகு அந்தக் காது சும்மா தொங்கியது. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய், தொங்கிய காதை வெட்டித் தைத்துக்கொண்டு சாயங்காலம் வந்து நின்றாளாம். ஆறியதும் சின்னதாக ஒரு கம்மல். ஆச்சி மட்டும் இல்லை, எங்கள் பக்கம் அந்த வயதில் நிறையப் பேர் செய்துகொண்டார்கள். தெருவில் காது வளர்த்த கிழவிகளும் இருந்தார்கள், வெட்டித் தைத்த கிழவிகளும் இருந்தார்கள், இரண்டு கூட்டமும் ஒரே திண்ணையில் வெற்றிலை போட்டது. அழகா மருத்துவமா என்று யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏன் வெட்டினாய் என்று நான் சிறுபெண்ணாகக் கேட்டதற்கு ஆச்சி சொன்னது: “தங்கம் இருந்தா காது. தங்கம் போன பொறவு அது என்னத்துக்குட்டி ஆடிக்கிட்டு?”

என் ஆபரேஷன் விஷயம் கேட்டு அம்மா முதலில் அழுதாள். “ஏட்டி, இன்னொரு தடவ கத்தி வைக்கணுமாக்கும்? சும்மா இருக்கப்பட்ட கையில?” என்றாள். ஆச்சியின் காதைப் பற்றி எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அவ அன்னைக்கு எங்க அப்பாகிட்டச் செமத்தியா வாங்கினா” என்றாள். எனக்கு அதுவரை அது தெரியாது.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் இந்த இடத்தில் சுஸ்ருதரை அழைத்துவருவது வழக்கம். அவர் ஓய்வெடுக்கட்டும், நான் வேலூருக்குப் போகிறேன். 1946இல் பால் பிராண்ட் என்கிற ஆங்கிலேய சர்ஜன் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை மாற்றித் தைத்து நிமிர்த்தியவர். கை வேலை செய்ய ஆரம்பித்தது. ஆனால் கை சரியான ஆட்கள் வேலை கேட்டுப் போனால் கிடைக்கவில்லை. பிச்சை எடுக்கப் போனாலும் கை நன்றாக இருக்கிறதே என்று குறைந்தது. காரணம் முகம். தொழுநோய் புருவத்தை உதிர்த்துவிடும், மூக்கை அமுக்கிவிடும், பார்த்த உடனே ஊர் கண்டுபிடித்துவிடும். அதனால் பிராண்டின் குழு மூக்கைச் சரிசெய்தது, தலைமுடி உள்ள தோலைக் கொண்டுவந்து புருவம் வைத்தது. அந்தப் புருவம் தலைமுடி மாதிரியே வளர்ந்துகொண்டிருக்கும், கத்தரிக்க வேண்டும். சிலர் பெருமையில் கத்தரிக்காமலே விட்டார்களாம். புருவம் எந்தச் சாமானையும் தூக்காது, எந்த வேலையும் செய்யாது. எட்டாம் எண்ணை அன்றைக்குக் காட்டியிருந்தால் அது சுத்தமான அழகுச் சிகிச்சை. என் கையைத் தொழுநோயோடு ஒப்பிடவில்லை, அந்த அளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. தோற்றம் என்பது உடம்புக்கு மேலே பூசிய வர்ணம், அதைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால் அடியில் நிஜமான மருத்துவம் இருக்கும் என்கிற நம்பிக்கையைத்தான் ஒப்பிடுகிறேன். நமக்குச் சுமார் 140 கிலோமீட்டர் தூரத்திலேயே அது எப்போதோ பொய்யாகிவிட்டது.

பணக்காரியின் புலம்பல் என்று இதைப் படிக்கிற யாராவது சொல்லக்கூடும். மாதச் சம்பளம் வருகிறது, என்னால் 2,36,000 கட்ட முடிந்தது, அது உண்மை. முடியாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்யும் கிளினிக்கை அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் திறந்துவைத்தார். ஏழைகளுக்கு இது ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார். பிபிசி வரைக்கும் செய்தி போனது. உயிர் காக்கிற சிகிச்சையை விட்டுவிட்டு இதற்கா அரசுப் பணம் என்று பொது சுகாதாரத் துறையில் இருந்தவர்களே வருத்தப்பட்டார்கள். வாட்ஸப்பில் வந்த ஜோக்குகளை நினைவிருப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள், நான் எழுதவில்லை. பாரம் தாங்காமல் தோளும் முதுகும் வலிக்கிற பெண்களும் அங்கே வருவார்கள் என்று மருத்துவர்கள் விளக்க வேண்டியிருந்தது. அதாவது அவர்களும் என் சர்ஜன் மாதிரி வலியைத் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது. வலிக்கிறது என்றால் மரியாதை. பிடிக்கவில்லை என்றால், அதுவும் ஏழைப்பெண் சொன்னால், ஜோக். அந்த அமைச்சரின் அரசியலில் எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இது எனக்கும் இன்னும் பத்துப் பேருக்கும் மட்டுமான பிரச்சினையாக ரொம்ப நாள் இருக்காது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி. என் டீமில் மட்டும் மூன்று பேர் வாராவாரம் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் எத்தனை கிலோ என்று பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் அதில் ஒரு பையன், இருபத்தெட்டு வயதுதான், அரைக்கைச் சட்டையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அந்த இழுப்பு தெரியும். ட்ரைசெப்ஸ் பண்ணு என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ளவும் கூடாது, நாமே போய்ப் பேச வேண்டும். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், எனக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. சிகிச்சைக்கான காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். முதல் வரி சர்ஜனின் சான்றிதழிலிருந்து, அழற்சி, தொற்று, இடைஞ்சல். இரண்டாவது வரி, அந்தத் தோலை என்னுடையது என்று என்னால் பார்க்க முடியவில்லை.

இன்ஷூரன்ஸில் வேலை பார்த்த ஒரு சிநேகிதியிடம் படிக்கக் கொடுத்தேன். “ரெண்டாவதைத் தூக்கிடுப்பா, அதை வச்சே தள்ளுபடி பண்ணிடுவாங்க” என்றாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும், பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். இரண்டு தடவை கர்சரைக் கொண்டுபோய் அந்த வரியின் முடிவில் வைத்துவிட்டேன். மனு இன்னும் லேப்டாப்பில் திறந்தே கிடக்கிறது, அந்த வரியும் அதில் இருக்கிறது.